ஏரி மண்ணுக்கு எத்தனை டிகிரி

1

கோயில் ஆண்டு மலருக்கு "ஜெர்மனியில் நம்மவர் வாழ்க்கை" என்று நாலு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லி நம் பங்குச் சாமியார் கடிதம் போட்டிருந்தார். பனி எப்படிக் கொட்டும், ரயில் எப்படி நிமிடம் தவறாமல் வரும், ரொட்டியை எத்தனை வகையாகச் சுடுவார்கள் என்றெல்லாம் நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் ஆகிவிட்டது. போன வியாழக்கிழமை நடந்த காரியத்துக்குப் பிறகு அதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டேன். பனியைப் பற்றிப் படிக்க ஆசைப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும்.

என்னைத் தெரியாத இளசுகளுக்கு ஒரு வார்த்தை. நான் இண்டூர் சவரிமுத்து மகள் ஸ்டெல்லா. நர்ஸ் வேலைக்கென்று இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. ஒரே மகள் அனிதா, வயது பன்னிரண்டு. அண்ணன் குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் இருக்கும் இந்தச் சின்ன ஊரில், ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் அடித்தளத்தில் பொது மண்பாண்டக் கூடம் ஒன்று உண்டு. வியாழக்கிழமை சாயங்காலம் நாலிலிருந்து ஏழு வரை. பன்னிரண்டு பேர், நாலு சக்கரம், ஒரே ஒரு மின்சாரச் சூளை. சூளையை ஹெல்கா என்ற ஓய்வுபெற்ற வேதியியல் டீச்சர் கவனித்துக்கொள்கிறார். சிவப்பு மண் பண்டங்களை மேல் பலகையில் வைக்க வேண்டும். அவற்றை ஒரு நாள் குறைந்த சூட்டில் சுடுவார். வெள்ளை மண் பண்டங்கள் கீழ்ப் பலகையில். அவற்றை இன்னொரு நாள் அதிகச் சூட்டில் சுடுவார். இதை நாலு நிறத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். விதியை எழுதி ஒட்டாவிட்டால் இந்த ஊர்க்காரர்களுக்குச் சாப்பாடு செரிக்காது.

போன வியாழக்கிழமை சூளையைத் திறந்தார்கள். வெள்ளை மண் சுட்ட சூளை. உள்ளே நடுத்தட்டில் காப்பி நிறத்தில் ஏதோ உருகி, பளபளவென்று குமிழ் விட்டு, தட்டோடு ஒட்டிப் படர்ந்து கிடந்தது. அதில் ஒரு பெரியவருடைய தேநீர்க் கூஜாவின் அடியும், இன்னொரு அம்மாளின் மூன்று கோப்பைகளும் மாட்டிக்கொண்டிருந்தன. ஹெல்கா தட்டை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இது யாருடைய மண்?" என்று கேட்டார்.

யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. அந்த நிறத்தை நான் இதற்குமுன் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், எண்பத்தாறாம் வருடம், நம் கான்வென்ட் பானைக் கொட்டகையில். மாதாகோயில் திருவிழாவுக்கு வைத்திருந்த மொத்தச் சரக்கும் உருகிப்போன அந்தச் சூளை உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சூளை பார்த்த மாதம்மா கண் அசந்ததால் அது கெட்டது என்றுதான் இன்றுவரை ஊரில் பேச்சு. அது உண்மை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த நாலு பக்கத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.

2

முதலில் இங்கே நான் ஏன் மண்ணைப் பிசையப் போனேன் என்று சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி. மத்தியானம் இரண்டரைக்கு வீடு. சோறு வடித்து, ரசம் வைத்து, மகள் வரும்போது மேசையில் வைத்தால், "பள்ளிக்கூடத்திலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். கேட்பவர்களுக்கு இரண்டு ரேடியோ ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி இருக்கும். "தமிழ்ல சொல்லேன்டி" என்றால், "உனக்குத்தான் புரிகிறதே" என்பாள்.

வருடத்துக்கு ஒரு தடவை வெளிநாட்டார் அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். பதினாறு வருடத்தில் எத்தனை படிவம் நிரப்பினேனோ, கணக்கே இல்லை. ஒரு தடவை "நிரந்தர முகவரி" என்ற கட்டத்தில் யோசிக்காமல் இண்டூர் என்று எழுதிவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மாள் அதைச் சிவப்பு மையால் அடித்து, "அங்கே இருந்தால் இங்கே எதற்கு வந்தீர்கள்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். புதுப் படிவம் வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் பள்ளிக்கூடத்து வாசலில் விளம்பரம் பார்த்து உள்ளே இறங்கினேன். மண் வாசனை அடித்தது. மூன்று மணி நேரம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், கை வேலை செய்தால் போதும். வீடு பூட்டிக் கிடக்குமே என்று அனிதாவும் வியாழக்கிழமைகளில் அங்கேயே வந்து மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள்.

அங்கேதான் நான் சூட்டைப் பற்றிப் படித்தேன். மண்ணுக்கு மண் சூடு வேறு என்று ஹெல்கா சொல்லிக் கொடுத்தார். சூளைக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு மண் கூம்பை நிறுத்துவார்கள். எந்தச் சூட்டுக்கென்று செய்த கூம்போ, அந்தச் சூடு வந்ததும் அது தலை சாயும். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்து, கூம்பு சாய்ந்ததும் சூளையை நிறுத்திவிடலாம். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. மூன்றே மாதத்தில் உலகத்து மண்ணெல்லாம் எனக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டேன். அரைக்கிணறு தாண்டியவளுக்கு இருக்கிற தைரியம் அது.

எண்பத்தாறில் லீவுக்குக் கிளம்பும்போது ஹெல்கா ஒரு பெட்டி கூம்பு பரிசாகக் கொடுத்தார். வெள்ளை மண்ணுக்கான கூம்பு, ஆயிரத்து இருநூறு டிகிரியில் சாய்வது. கொடுக்கும்போது ஒன்று சொன்னார். "உங்கள் ஊர் மண் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியாது. கட்டைவிரல் அளவு ஒரு துண்டை முதலில் சுட்டுப் பாருங்கள்." சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியைப் புடவைக்குள் சுற்றி வைத்தேன்.

3

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் திறந்தார். வெள்ளை வெள்ளையாக வரிசையாய் நின்ற கூம்புகளைப் பார்த்து, "என்னம்மா இது? மாத்திரையா, மருந்தா?" என்றார். நான் அவருக்குச் சூளையைப் பற்றிப் பாடம் எடுத்தேன். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. கடைசியில் அவர், "போங்கம்மா தாயே, எடுத்துட்டுப் போங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கர்வத்தோடுதான் தருமபுரியில் பஸ் இறங்கினேன்.

நம் கொட்டகை உங்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கான்வென்டுக்குப் பின்னால், வத்தல்மலையைப் பார்த்தபடி, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நீளக் கொட்டகை. ஒன்பது பெண்கள் அவரவர் பண்டத்தை அங்கே செய்து, பொதுச் சூளையில் சுட்டு, திருவிழாவிலும் சந்தையிலும் விற்பார்கள். டீசலில் எரியும் செங்கல் சூளை. யாருடைய பானை எது என்று தெரிவதற்கு அடியில் ஆளுக்கொரு குறி கீறிவைப்பார்கள். ஒருத்திக்குச் சிலுவை, ஒருத்திக்கு வேப்பிலை, ஒருத்திக்கு மூன்று புள்ளி. மாதம்மாவுக்குப் பாதி நிலா.

மாதம்மாவும் நானும் எட்டாவது வரை ஒரே பெஞ்சு. அதற்குமேல் அவளைப் படிக்க வைக்கவில்லை, என்னை வைத்தார்கள். அவள் பானையும் செய்வாள், சூளையைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவளுடையது. பற்றவைக்கும்போது நெருப்பு வாயில் ஒரு கைப்பிடி உப்பு போடுவாள், கற்பூரம் காட்டுவாள், பிறகு நம் பெண்களைப் பார்த்து, "நீங்களும் சிலுவ போட்டுடுங்க, ரெண்டு சாமியும் கேக்கட்டும்" என்பாள். சூட்டை அவள் கண்ணால்தான் பார்ப்பாள். ஓட்டை வழியாகத் தெரிகிற நெருப்பு முதலில் மிளகாய்ப் பழம், பிறகு தக்காளி, பிறகு பழுத்த பப்பாளி. பப்பாளி வந்து கொஞ்ச நேரத்தில் நிறுத்திவிடுவாள். ஏழு வருடத்தில் ஒரு சூளைகூட அவள் கையில் கெட்டதில்லை.

நான் போன அன்று குடிக்கத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். பழக்கதோஷத்தில் "நன்றி" என்றேன்.

"ஏம்புள்ள, தண்ணி குடுத்ததுக்கெல்லாம் நன்றிங்கற? கடைக்காரங்கிட்டப் பேசறாப்பல இருக்குது" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது, காட்டிக்கொள்ளவில்லை.

கான்வென்ட் சிஸ்டருக்கு அப்போது ஒரு குறை இருந்தது. கொட்டகையில் செய்த பூச்சாடிகளைப் பீடத்தில் வைத்தால், தண்ணீர் கசிந்து பீடத்துணி கறையாகிறது. என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். நான் விடுவேனா? "சூடு பத்தலை சிஸ்டர். கொஞ்சம் கூடுதலா வெச்சா கசியாது. அங்க அப்படித்தான் செய்யறோம்" என்றேன். "நல்லதாப் போச்சு, மாதம்மாவைக் கலந்துக்கிட்டுச் செய்யுங்க" என்றார். நான் கலந்துகொள்ளவில்லை. சிஸ்டர் சொல்லிவிட்டார் என்று மாதம்மாவிடம் உத்தரவு போட்டேன்.

"எவ்ளோ கூட்டணும்?" என்றாள்.

"ஆயிரத்து இருநூறு. இந்தக் கூம்பு சாயற வரைக்கும்."

அவள் கூம்பை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "கசியாத பானைல தண்ணி எப்பிடிப் புள்ள குளுரும்?"

"அட, பூச்சாடிக்குத்தான சொல்றேன்."

"அப்ப பூச்சாடிய மட்டும் தனியா வெச்சுச் சுடலாம். ஒண்ண மொதல்ல வெச்சுப் பாப்பம். உண்டியலு, குடம், வெளக்கு எல்லாத்தையும் எதுக்குச் சேத்து அடுக்கணும்?"

ஹெல்கா சொன்னதையேதான் அவளும் சொன்னாள். ஜெர்மனியில் ஒரு டீச்சர் சொன்னபோது தலையாட்டினவள், இங்கே எட்டாவது படித்தவள் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ரெண்டு தடவை சுட டீசல் இல்ல. எனக்கும் வியாழக்கிழமை கிளம்பணும். முடிச்சிட்டுப் போறேன்" என்றேன். நான் செய்த நல்லதை நான் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் நிஜமான காரணம்.

4

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அப்புறம் அடுக்கினோம். ஒன்பது பேருடைய இரண்டு மாத வேலை. மாதா பிறந்தநாள் திருவிழாவில் பிள்ளைகளுக்கு விற்கிற உண்டியல்கள் மட்டுமே சூளையில் பாதி. திங்கட்கிழமை விடியற்காலை பற்றவைத்தோம். மற்ற பெண்களெல்லாம் கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போய்விட்டார்கள். கொட்டகையில் நானும் மாதம்மாவும்தான். அனிதாவுக்கு அப்போது ஒன்பது வயது. அழுதுவிடக் கூடாது என்று மாதம்மா அவளுக்குத் தேங்காய் அளவு ஏரி மண் உருட்டிக் கொடுத்திருந்தாள். பிள்ளை அதில் பாதி நிலா போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். மாதம்மா ஓட்டையில் பார்த்துவிட்டு வந்தாள்.

"பப்பாளி வந்துடுச்சு புள்ள. நிறுத்திக்கலாம்."

நான் போய்ப் பார்த்தேன். "கூம்பு நட்டுவெச்ச மாதிரி நிக்குது. இன்னும் ஆகலை."

அரை மணி கழித்து மறுபடியும் வந்தாள். அவள் முகம் மாறியிருந்தது. "நெருப்பு வெளுத்துக்கிட்டு வருது. நிறுத்து புள்ள."

"கூம்பு நிக்குது பாரு."

"கூம்பு நிக்கட்டும். பானை என்ன சொல்லுதுன்னு பாரு."

அப்போது நான் ஒன்று சொன்னேன். மூன்று வருடமாக அதை மறக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. எழுதிவிடுகிறேன். "பானை பேசுமா? எட்டாவதுக்கு மேல படிச்சிருந்தா இப்பிடிப் பேச மாட்ட" என்றேன்.

மாதம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். டீசல் குழாயருகே போய் நின்றாள். நான் டீசலைக் கூட்டச் சொன்னபோது கூட்டினாள், அப்படியே விடச் சொன்னபோது விட்டாள். நான் ஓட்டையிலேயே கண்ணை வைத்துக்கொண்டு கூம்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தரை மணிக்கு அது மெதுவாகத் தலை சாய்ந்தது. கை தட்டினேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன். அனிதாவும் எதற்கென்று தெரியாமல் சேர்ந்து தட்டினாள்.

5

புதன்கிழமை காலையில் சூடு ஆறியதும் திறந்தோம். எட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள், சிஸ்டரும் வந்திருந்தார். கதவுச் செங்கலை ஒவ்வொன்றாக எடுக்க எடுக்கப் பேச்சு அடங்கியது.

உள்ளே பானை என்று ஒன்றும் இல்லை. வெல்லப்பாகைக் கொட்டிக் காயவிட்ட மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று ஒழுகி உட்கார்ந்திருந்தது. உண்டியல்கள் வாய் பிளந்து நசுங்கியிருந்தன. எது யாருடையது என்று பார்க்கக் குறிகூட மிஞ்சவில்லை. சிலுவையும் இல்லை, வேப்பிலையும் இல்லை. என் கூம்பு மட்டும் ஓரத்தில் ரொம்ப ஒழுங்காக வளைந்து நின்றது.

ஒரு அம்மாள் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அய்யோ, ரெண்டு மாசப் பாடு, ரெண்டு மாசப் பாடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சிஸ்டர் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, மாதம்மாவைப் பார்த்தார். "கொஞ்சம் கூட்டுங்கன்னுதானே சொன்னேன்? இப்படியா விடுவாங்க? நீ பாக்கலையா மாதம்மா?"

நான் வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். "சிஸ்டர், நான்தான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு விநாடி. அந்த இரண்டு விநாடியில் அண்ணன் முகம் வந்தது, "ஜெர்மனிக்காரி பண்ணின கூத்தப் பாரு" என்று ஊர் சிரிக்கிற சத்தம் வந்தது. வார்த்தை வரவில்லை.

"கண்ணு அசந்துட்டேனுங்க சிஸ்டருங்க" என்றாள் மாதம்மா. "தப்பு என்னுதுதானுங்க."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். களி கிண்டிக்கொண்டிருந்தாள். கிண்டுவதை நிறுத்தாமலே பேசினாள்.

"எதுக்கு அப்பிடிச் சொன்ன?" என்றேன்.

"நீ வெடிஞ்சாப் போயிருவ. உங்கண்ணன் வூட்டுக்காரங்க இந்த ஊருல தல நிமுந்து நடக்கணும் இல்ல? நாலு நாளைக்குத் திட்டுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க. வூட்டுக்கு வந்தவள நாலு பேரு முன்னாடி விட்டுக் குடுக்கச் சொல்றயா?"

"நான் வேணா சிஸ்டர்கிட்டப் போய்…"

"போறதுன்னாப் போ புள்ள. நான் தடுக்கல. நீயாச் சொன்னாச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

நான் போகவில்லை. விடியற்காலை பஸ்ஸுக்குப் பெட்டி கட்டினேன். பஸ் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், அனிதாவின் மடியில் ஈரத்துணி சுற்றிய மண் உருண்டை இருந்தது. மாதம்மா கொடுத்ததாம். தூக்கிப் போடச் சொன்னால் அழுதாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இங்கே வந்ததும் ஹெல்கா ஆவலாகக் கேட்டார், கூம்பு பயன்பட்டதா என்று. "நன்றாக வேலை செய்தது" என்றேன். பொய்கூட இல்லை பாருங்கள், கூம்பு நன்றாகத்தான் வேலை செய்தது.

6

அந்த நாலு நாள் முடியவே இல்லை என்று அண்ணன் கடிதங்களில் தெரிந்துகொண்டேன். மற்ற பெண்கள் மாதம்மா கையில் பண்டம் கொடுக்க மாட்டோம் என்றார்கள். இனி நெருப்புப் பக்கம் வர வேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடம் அவளும் புருஷனும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். கன்னடம் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு, அதனால் பிழைத்துக்கொள்வாள் என்று அண்ணன் எழுதியிருந்தான். ஏழு வருடம் சூளை பார்த்தவள் சித்தாளாகச் செங்கல் சுமக்கிறாள். நான் என் இஷ்டத்துக்கு ஊரை விட்டேன். அவளை நான் விடவைத்தேன்.

அது போதாதென்று இன்னொன்று. ஊரில் இப்போது சோறு குழைந்தாலும், தையல்காரர் சட்டையைக் கெடுத்தாலும், "மாதம்மா சூளையாப் போச்சு" என்று சொல்கிறீர்களாம். அண்ணன் வேடிக்கையாக எழுதியிருந்தான்.

அவளுக்கு இரண்டு கடிதம் எழுதினேன், முகவரி தெரியவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு போடவில்லை. ஒரு சேலை வாங்கி அண்ணனுக்கு அனுப்பினேன். தருமபுரி பஸ் ஸ்டாண்டில், பெங்களூர் பஸ் ஏற நின்றவளைப் பார்த்துச் சேலையை நீட்டியிருக்கிறான். "சேலையெல்லாம் வேணாமுங்கண்ணா" என்றாளாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டாளாம்: "அந்தப் புள்ள அனிதா அந்த மண்ண வெச்சிருக்குதுங்களா?"

வைத்திருக்கிறாளா என்று எனக்கே தெரியாது. மகளிடம் கேட்கவும் இல்லை. கேட்டால் அந்த நாளைப் பற்றிப் பேச வேண்டிவரும்.

7

வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

"இது யாருடைய மண்?" என்று ஹெல்கா இரண்டாவது தடவையும் கேட்டார். எல்லோருடைய கண்ணும் மெல்ல ஒரே பக்கம் திரும்பியது. போன மாதம்தான் சேர்ந்த துருக்கிப் பெண் ஒருத்தி. பாஷை சரியாக வராது, சுவரில் ஒட்டியதைப் படிக்கத் தெரியாது, சிவப்பு மண்ணில்தான் வேலை செய்வாள். அவள் ஒன்றும் புரியாமல் கையை ஏப்ரனில் துடைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவள் மண் இல்லை என்று எனக்குத் தெரியும். அது எந்த ஏரி மண், யார் கொண்டுவந்தது என்றும் தெரியும். என் மகளை நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். மறுபடியும் அதே இரண்டு விநாடி. மறுபடியும் நான் சும்மா நின்றேன்.

பின்னாலிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "அது என்னுடையது" என்றாள் அனிதா. வந்து தட்டைப் பார்த்தாள். "என்னிடம் கொஞ்சம் மண் இருந்தது. இடம் இருந்த பலகையில் வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். தட்டை நானே சுரண்டித் தருகிறேன்."

அவ்வளவுதான். ஹெல்கா அவளுக்கு ஒரு உளியும், சில்லு கண்ணில் தெறிக்காமல் இருக்க ஒரு கண்ணாடியும் கொடுத்தார். கூஜாக்காரப் பெரியவர் ஏதோ முணுமுணுத்தார், பிறகு அவரே வந்து தட்டைப் பிடித்துக்கொண்டார். துருக்கிப் பெண் தன் வேலையைப் பார்க்கப் போனாள். வானம் இடிந்து விழவில்லை. நான் மூன்று வருடமாகப் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தானா என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "என்னடி செஞ்சிருந்த?"

"உண்டியல்" என்றாள். அந்த ஒரு வார்த்தையைத் தமிழில் சொன்னாள். "உன் பிறந்தநாளுக்கு. அடியில் பாதி நிலா போட்டிருந்தேன்." கொஞ்ச தூரம் போன பிறகு, "நம்ம ஊர் மண் அவ்வளவு சூடு தாங்காது என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவே இல்லையே அம்மா" என்றாள்.

நான் சொல்லவே இல்லை. ஹெல்காவிடம் சொல்லியிருந்தால் அவர் சுவரில் ஐந்தாவது நிறத்தில் ஒரு வரி எழுதி ஒட்டியிருப்பார். மகளிடம் சொல்லியிருந்தால் அவள் மேல் பலகையில் வைத்திருப்பாள். நான் வாய்மூடி இருந்ததற்கு மாதம்மா ஒரு தடவை விலை கொடுத்தாள், என் மகள் இன்னொரு தடவை கொடுத்துவிட்டாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் சொன்னேன், கை தட்டியதையும் எட்டாவது படிப்பைச் சொல்லிக் காட்டியதையும் சேர்த்து. அனிதா தட்டில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மண் கொடுத்தாங்களே, அவங்களா?" என்றாள், தமிழிலேயே. "அவங்க தன் தப்புன்னு சொன்னப்ப நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை."

அவள் எழுந்து அறைக்குள் போனாள். கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு திரும்பி வந்தாள். உள்ளே ஈரத்துணி, துணிக்குள் நம் ஏரி மண், ஒரு கை அளவு. "பாதிதான் எடுத்தேன். மறுபடியும் செய்யலாம். இதுக்கு எத்தனை டிகிரி வேணும்?"

"தெரியாதுடி."

"யாருக்குத் தெரியும்?"

அதனால்தான் இந்த நாலு பக்கம். சாமியார் ஐயா, இதில் ஒரு வரியையும் நீக்காமல் அச்சிட வேண்டும். கொட்டகைப் பெண்கள் எட்டுப் பேரும் என்னை மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள், முடியாவிட்டால் திட்டுங்கள், ஆனால் என்னைத் திட்டுங்கள். சோறு குழைந்தால் இனி "ஸ்டெல்லா சூளை" என்று சொல்லுங்கள். அதுதான் சரியான பேர்.

மாதம்மா திருவிழாவுக்கு எப்படியும் ஊருக்கு வருவாள். இந்த மலரை அவள் கையில் கொடுங்கள், அவளே படித்துக்கொள்வாள், எங்கள் பெஞ்சில் முதலில் எழுத்துக் கூட்டியவள் அவள்தான்.

மாதம்மா, நீ கேட்டாயே, அந்தப் பிள்ளை அந்த மண்ணை வைத்திருந்தாள். இன்னும் பாதி இருக்கிறது. இங்கே சூளையில் சூட்டை எண்ணில் கேட்கிறார்கள், எனக்கு உன் பப்பாளிதான் தெரியும். பப்பாளி வந்த பிறகு எவ்வளவு நேரம் விடுவாய், எப்போது நிறுத்துவாய் என்று எழுதி அண்ணனிடம் கொடு. நீ நிறுத்து என்றால் இந்தத் தடவை நிறுத்திவிடுகிறேன்.